ரொம்ப நேரமாகக் காசு கொடுக்காத மெஷின் அடுத்து கொடுக்குமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அடுத்த வாரம் நண்பர்கள் நாலு பேர் மலேசியாவில் கசினோ இருக்கும் கெந்திங் மலைக்குப் போகிறோம், ஆளுக்கு 500 ரிங்கிட் எடுத்துக்கொள்கிறோம், ஸ்லாட் மெஷின்தான் ஆடப்போகிறோம். ரொம்ப நேரமாகக் கொடுக்காத மெஷினாகப் பார்த்து உட்கார்ந்தால் கட்டாயம் விழும் என்று கூட வருகிற நண்பர் சொல்கிறார், அது உண்மையா? நல்ல மெஷினைக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஒரு தடவைக்கு எவ்வளவு வைத்து ஆடலாம்? இந்த மூன்று கேள்விக்கும் பிறகு கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: போன தடவை 1,800 ரிங்கிட் விட்டுவிட்டேன், அதில் பாதியாவது இந்தத் தடவை எடுத்துவிட வேண்டும். முதல் மூன்றுக்கும் பதில் சொல்வது சுலபம். ஆனால் அவர் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் அதைப் பேசினால் அறிவுரை மாதிரி போய்விடும்.

நான் இந்த மெஷின்களை ரிப்பேர் பார்த்தவன். முதலில் சிங்கப்பூரில் கிளப்புகளில் இருந்த ஜாக்பாட் ரூம்களில் ஒன்பது வருஷம், அப்புறம் ஒரு பெரிய கசினோ தளத்தில் எட்டு வருஷம். கதவைத் திறந்து நோட்டு வாங்கும் பெட்டியைச் சுத்தம் செய்வது, சிக்கிய ரசீதை எடுப்பது, ரீல் என்கிற, படங்கள் ஒட்டிய சுழலும் வளையத்தின் மோட்டாரை மாற்றுவது, ஜாக்பாட் அடித்தால் மெஷினின் நிரல் இருக்கும் சிப் அனுமதி பெற்றதுதானா என்று சரிபார்ப்பது, இதுதான் என் வேலை. விளையாட்டுகளை வடிவமைத்தவன் இல்லை, கணக்கு அட்டவணைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டவன். கெந்திங்கில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் அங்கே எந்த மெஷின் எத்தனை சதவீதம் திருப்பிக் கொடுக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. மெஷினுக்குள்ளே நடப்பது மட்டும் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குவோம். மெஷினுக்குள் ஆர்என்ஜி என்று ஒன்று இருக்கிறது, தாறுமாறாக எண்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் ஒரு நிரல். நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மெஷினில் காசே இல்லாவிட்டாலும், அது வினாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எண்களை மாற்றிக்கொண்டே ஓடும். நீங்கள் பொத்தானை அழுத்திய அந்த நொடித்துளியில் எந்த எண் இருந்ததோ அதுதான் முடிவு. ரீல்கள் சுற்றத் தொடங்கும்போதே முடிவு வந்தாயிற்று, அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பது அந்த முடிவை உங்களுக்குக் காட்டும் படம். முந்தைய சுற்றில் என்ன வந்தது, காலையிலிருந்து எவ்வளவு உள்ளே போனது, கடைசியாக எப்போது பெரிய தொகை கொடுத்தது, இது எதையும் கேட்டுக்கொண்டு அந்த எண் வருவதில்லை. கணக்கு எழுதும் பகுதியில் இதெல்லாம் பதிவாகும், நான் சாவி போட்டால் திரையில் வரும். ஆனால் எண் எடுக்கும் பகுதி அந்தக் கணக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் ஆறு மணி நேரம் எதுவும் கொடுக்காத மெஷினும் இப்போதுதான் ஜாக்பாட் கொடுத்த மெஷினும் அடுத்த சுற்றுக்கு ஒரே நிலையில்தான் நிற்கின்றன.

இதை நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். கிளப்பில் ஒரு ஆன்ட்டி வருவார், அறுபது வயது இருக்கும், ஒரே மெஷின்தான் ஆடுவார். ஒரு நாள் நாலு மணி நேரம் ஆடிவிட்டு, டிஷ்யூ பாக்கெட்டைப் பொத்தான் மேல் வைத்து இடம் பிடித்துவிட்டு டாய்லெட் போனார். சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்கிற மாதிரிதான். திரும்பி வருவதற்குள் வேறொருவர் பாக்கெட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, மூன்றாவதோ நாலாவதோ அழுத்தலில் அவருக்கு விழுந்துவிட்டது. மேலே விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது, நான் சாவிக்கொத்தோடு போகிறேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், அது என் காசு பையா, நான் போட்டு வைத்த காசு என்று. அவரிடம் அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உண்மை என்னவென்றால், அவர் எழுந்து போகாமல் அங்கேயே இருந்திருந்தாலும் அந்த மனிதர் அழுத்திய அதே நொடித்துளியில் அவரும் அழுத்தியிருக்க வாய்ப்பே இல்லை. கண் இமைக்கும் நேரத்துக்குள் எண் எத்தனையோ முறை மாறிவிடும். அந்த நாலு மணி நேரத்தில் அவர் போட்டு வைத்தது என்று அந்த மெஷினுக்குள் எதுவும் காத்திருக்கவில்லை. அவர் அதற்குப் பிறகும் வந்தார், டாய்லெட் போகாமல் ஆடினார். எனக்கு அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

சரி, அப்படியானால் கிட்டத்தட்ட விழுந்துவிட்டது, ஒரு விரற்கடையில் தப்பிவிட்டது என்று நமக்கு அடிக்கடி ஏன் தோன்றுகிறது? இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1890-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் செய்த லிபர்ட்டி பெல் என்ற மெஷினில் மூன்று ரீல், ஒவ்வொன்றிலும் பத்து இடம். பத்து பத்தாகப் பெருக்கினால் ஆயிரம் சேர்க்கை. மூன்று மணியும் நேராக நின்றால் ஐம்பது சென்ட். அது முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு, ஒரு ரீலில் ஒரு மணி இருந்தால் பத்தில் ஒன்று. பிறகு வந்த மெஷின்களில் ரீலுக்கு இருபது, இருபத்திரண்டு இடம். இருபத்திரண்டு இடம் என்றால் மொத்தச் சேர்க்கை 10,648. இதில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு தொல்லை. 10,648-இல் ஒன்று என்று இருக்கும் பரிசுக்குப் பத்தாயிரம் காசு கொடுத்தால் உள்ளே வரும் பணத்தில் 94 சதவீதம் அந்த ஒரு பரிசுக்கே போய்விடும், சின்னப் பரிசு கொடுக்க இடமே இல்லை. பெரிய பரிசு வேண்டுமென்றால் ரீலைப் பெரிதாக்க வேண்டும், பெரிய ரீலைப் பார்த்தாலே ஆட்கள் உட்கார மாட்டார்கள்.

இதை 1984-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஒரு யோசனை தீர்த்துவிட்டது. டெல்னேஸ் என்பவருடையது. ரீலை அப்படியே வைத்துக்கொள், ஆனால் அது எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யட்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு ரீல் இருக்கும், அதில் 64 இடமோ 128 இடமோ 256 இடமோ வைத்துக்கொள்ளலாம். அந்த ஒவ்வொரு இடத்தையும் வெளியே தெரியும் இருபத்திரண்டில் ஏதோ ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். முடிச்சு எல்லாப் படத்துக்கும் சமமாக இருக்க வேண்டியதில்லை, இதுதான் விஷயம். உதாரணமாக 64 இடத்தில் ஜாக்பாட் படத்துக்கு ஒன்றே ஒன்று, அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ள வெற்றிடங்களுக்கு ஐந்து ஐந்து என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்பாட் படம் பரிசு பார்க்கும் கோட்டில் ஒரு தடவை நிற்கும் நேரத்துக்குள், கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கொஞ்சம் கீழேயோ பத்து தடவை நிற்கும். மூன்று ரீலும் இப்படி என்றால் ஜாக்பாட் விழ 2,62,144-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் கண்ணுக்குத் தெரிவது ரீலுக்கு இருபத்திரண்டே படம், அதில் ஜாக்பாட் படம் அடிக்கடி கோட்டுப் பக்கம் வந்து வந்து போகிறது. கண் சொல்கிறது, பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று. கணக்கில் நாம் பக்கத்திலேயே இல்லை.

நான் கதவைத் திறந்து ரீலைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது அது வெறும் பிளாஸ்டிக் வளையம், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பின்னால் படிப்படியாக நகரும் மோட்டார். எந்த இடத்திலும் பாரம் கூட இல்லை, குறைவு இல்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் போர்டு எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்கும். அந்தப் போர்டு தனியாகப் பூட்டிய பெட்டிக்குள், கையெழுத்துப் போட்ட சீல் ஒட்டி இருக்கும். நானே தனியாகத் திறக்க முடியாது, பக்கத்தில் செக்யூரிட்டி ஆளும் கண்காணிப்பு கேமராவும் வேண்டும். எந்த மேனேஜரும் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தி ஒரு மெஷினை இறுக்கிவிட, அதாவது குறைவாகக் கொடுக்க வைக்க முடியும் என்று பலர் நம்புகிறார்கள். ஒழுங்காகக் கட்டுப்படுத்தப்படும் இடத்தில் அப்படி நடக்காது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சர்வர் வழியாக மாற்றும் வகை மெஷின்கள் இருக்கின்றன, அங்கேகூட மெஷினில் ஆளில்லாமல் நாலு நிமிடம் கழிந்த பிறகுதான் மாற்றலாம், மாற்றிய பிறகும் நாலு நிமிடம் அறிவிப்போடு நிறுத்தி வைக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கெந்திங்கில் பார்க்கப்போவது பெரும்பாலும் திரை வைத்த வீடியோ மெஷின்கள், ஐந்து ரீல், ஐம்பது கோடு, நூறு கோடு, டிராகன், காசு மழை எல்லாம். இதில் ரீல் படம்தான், ரீலை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் செய்யலாம், ஒவ்வொரு ரீலும் வேறு வேறாக இருக்கலாம். முதல் இரண்டு ரீலில் போனஸ் படம் தாராளமாக வரும், மூன்றாவதில் அரிதாக இருக்கும். இரண்டு வந்தவுடன் இசை மாறும், மூன்றாவது ரீல் மெதுவாகச் சுற்றும், நமக்கு மூச்சு நின்றுவிடும். அந்த இசை மாறும்போது முடிவு ஏற்கெனவே உள்ளே எழுதியாயிற்று என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த வகை மெஷின்களில் எனக்கு ரொம்ப மன உறுத்தலாக இருந்தது வேறொன்று. ஐம்பது கோட்டுக்கும் சேர்த்து ஒரு ரிங்கிட் வைக்கிறீர்கள். இரண்டு கோட்டில் ஏதோ சேர்ந்து 30 சென் வருகிறது. உங்களுக்கு 70 சென் நஷ்டம். ஆனால் மெஷின் கோடுகளை மின்ன வைத்து, பாட்டுப் போட்டு, எண்ணை ஏற்றிக்காட்டி நீங்கள் ஜெயித்துவிட்ட மாதிரி கொண்டாடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதற்கு ஜெயித்த வேஷம் போட்ட நஷ்டம் என்கிற பொருளில் ஒரு பெயரே வைத்து அளந்து பார்த்தார்கள். ஆடுபவர்களின் தோலில் பதிவாகும் கிளர்ச்சி இந்த நஷ்டத்துக்கும் உண்மையான வெற்றிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது, வெறும் தோல்விக்கு அப்படி இல்லை. பிரிட்டனில் 2021 அக்டோபர் கடைசியிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டுகளில் இப்படிக் கொண்டாடக் கூடாது என்றே விதி போட்டார்கள், ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது இரண்டரை வினாடி இடைவெளி வேண்டும், தானாக ஓடவிடும் வசதி கூடாது என்பதையும் சேர்த்து. தளத்தில் நிற்கும் மெஷினில் உங்களுக்கு அந்தக் காவல் இல்லை, அதனால் பாட்டை விட்டுவிட்டுக் கீழே மூலையில் இருக்கும் பாக்கித் தொகையை மட்டும் பாருங்கள். அது குறைந்திருந்தால் தோற்றிருக்கிறீர்கள்.

அடுத்தது சதவீதம். ஆர்டிபி என்று சொல்வார்கள், உள்ளே போகும் பணத்தில் நெடுங்காலத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. நெவாடாவில் சட்டப்படி குறைந்தபட்சம் 75, நியூ ஜெர்சியில் 83. நடைமுறையில் மெஷின்கள் இதைவிட மேலே, பெரும்பாலும் தொண்ணூறை ஒட்டி மேலும் கீழும் இருக்கும். 90 சதவீதம் என்றவுடன் 500 கொண்டுபோனால் 450 திரும்பி வரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் போட்ட நூறு தொண்ணூறாகத் திரும்பும், அந்தத் தொண்ணூறை எழுந்து எடுத்துக்கொண்டு போக மாட்டீர்கள், அதையே திரும்பப் போடுவீர்கள், 81 ஆகும், பிறகு 73, 66, 59, 53, ஏழாவது தடவையில் 48. சதவீதம் வெட்டுவது உங்கள் பர்ஸில் இருக்கும் தொகையில் இல்லை, நீங்கள் உருட்டிய மொத்தத் தொகையில்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி எந்த மெஷின் கொடுக்கும் என்பது இல்லை, இந்த மெஷினில் ஒரு மணி நேரம் உட்கார என்ன விலை என்பதுதான். பெருக்கல் சுலபம். ஆறு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்கு ஒரு ரிங்கிட் என்றால் 600 ரிங்கிட் உருட்டுகிறீர்கள், 90 சதவீத மெஷின் என்று வைத்தால் மணிக்கு சராசரி 60 ரிங்கிட் செலவு. சுற்றுக்கு மூன்று ரிங்கிட் என்றால் மணிக்கு 180. உங்கள் 500 முதல் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும், இரண்டாவதில் மூன்று மணி நேரம்கூட வராது. இதெல்லாம் சராசரிதான். உண்மையில் ஒரு நாள் 500 நாற்பது நிமிடத்தில் போகும், இன்னொரு நாள் 900 ஆகி நிற்கும். அந்த ஏற்ற இறக்கம் இல்லையென்றால் யாருமே ஆட மாட்டார்கள்.

நல்ல மெஷினைக் கண்டுபிடிக்கலாமா என்பதற்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். ஒரே விளையாட்டை, அதே படம் அதே பாட்டு, தயாரிப்பாளர் 88, 90, 92, 94 என்று பல சதவீதங்களில் விற்பார், கசினோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று சொல்ல யாராலும் முடியாது, இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தும் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு மணி நேரத்து அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அந்த இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது. அடுத்து, மெம்பர் கார்டு செருகினால் மெஷின் இறுகும் என்பது தவறு. கார்டு படிக்கும் கருவி தனிப் போர்டு, நான் எத்தனையோ மாற்றியிருக்கிறேன், அது நீங்கள் எவ்வளவு உருட்டினீர்கள் என்று எண்ணும், அவ்வளவுதான். சுற்றும்போது நிறுத்து பொத்தானை அழுத்தினாலும் முடிவு மாறாது, சுற்றுகள் வேகமாகும், உங்கள் மணி நேர விலை கூடும். மெஷினை நாங்கள் திறந்து நினைவகத்தை அழித்து மறுபடி ஓடவிட்டால் உடனே கொடுக்கும் என்று எனக்காகக் காத்திருந்து உட்காருவார்கள், அதிலும் ஒன்றுமில்லை.

ஓரளவு சொல்லக்கூடியது: நெவாடாவில் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் கணக்குகளில் ஒரு சென்ட் மெஷின்கள் ஒரு டாலர் மெஷின்களைவிட அதிக சதவீதத்தைப் பிடித்துக்கொள்வது வருஷா வருஷம் தெரிகிறது. உலகம் முழுக்க அநேகமாக அந்தப் போக்குதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு பெரிய காசு மெஷினுக்குப் போகாதீர்கள். சதவீதம் கொஞ்சம் நன்றாக இருந்தாலும் சுற்றுக்கு வைக்கும் தொகை பல மடங்கு ஆவதால் மணி நேர விலை ஏறிவிடும். சந்தேகத்துக்குரியது: நடைபாதை ஓரத்தில், வாசல் பக்கத்தில் தாராளமான மெஷின்களை வைப்பார்கள் என்ற பேச்சு. நான் வேலை பார்த்த தளத்தில் அப்படி ஒரு அமைப்பு இருந்ததில்லை, எது பழுதாகாமல் ஓடுகிறது, எதில் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் நகர்த்துவார்கள். வேறு இடத்தில் வேறு மேனேஜர் வேறு மாதிரி செய்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு லாபம் பார்க்கிற அளவுக்கு அது யாருக்கும் உதவியதாக நான் பார்த்ததில்லை.

யாருமே மெஷினை ஜெயித்ததில்லையா என்றால், ஜெயித்திருக்கிறார்கள், எப்படி என்று கேட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்று புரியும். 2009-இல் ரஷ்யா கசினோக்களை மூடியபோது பழைய மெஷின்கள் மலிவாக வெளியே வந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிலர் அவற்றைப் பிரித்து, ஒரு பழைய மாடலின் எண் எடுக்கும் நிரலையே அலசி ஆராய்ந்துவிட்டார்கள். 2014-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் அவர்கள் ஆள் ஒருவர் மாட்டினார். போனை மெஷின் பக்கம் பிடித்துச் சுமார் இரண்டு டஜன் சுற்றுகளைப் படம் எடுத்து அனுப்புவார், அங்கே கணக்குப் போட்டு, எப்போது அழுத்த வேண்டும் என்று அவர் போன் கால் வினாடி முன்னால் அதிரும். ஒரு கூட்டமே உட்கார்ந்து கணித வேலை செய்தது, அதுவும் பழைய நிரலில் மட்டும் நடந்தது, முடிவில் ஜெயில். மெஷினைத் தட்டிப் பார்ப்பதும், படத்தைத் தடவிப் பார்ப்பதும், நல்ல நேரம் பார்த்து உட்காருவதும் இதன் பக்கத்தில்கூட வராது.

பெரிய ஜாக்பாட் எண் மேலே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் போடும் ஒவ்வொரு சுற்றிலிருந்தும் ஒரு சின்னப் பங்கு அந்த எண்ணுக்குப் போகிறது, அதனால் சாதாரணப் பரிசுகளுக்கு மிஞ்சுவது குறைவு. நெவாடாவின் மெகாபக்ஸ் மெஷினில் 2003-இல் லாஸ் வேகஸில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் விழுந்தது. அந்த வாய்ப்பு சுமார் ஐந்து கோடியில் ஒன்று. கையில் இருக்கும் பணம் நெடுநேரம் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்ற மெஷின் இல்லை.

சரி, போகத்தான் போகிறீர்கள் என்றால் நான் என் தம்பிக்குச் சொல்வதையே சொல்கிறேன். 500 என்பது சினிமா டிக்கெட், ஹோட்டல் வாடகை மாதிரி செலவான பணம் என்று பஸ் ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு நாள் என்றால் 250, 250 என்று இரண்டு கவரில் போட்டு, இரண்டாவது நாள் கவரை ரூமில் பெட்டிக்குள் வையுங்கள். ஏடிஎம் கார்டையும் ரூமில் வையுங்கள், நான் பார்த்த பெரிய நஷ்டங்களில் பாதிக்கு மேல் கையில் கொண்டுவந்த பணம் இல்லை, நடுராத்திரி ஏடிஎம்மில் எடுத்த பணம். மெஷினில் உட்கார்ந்தவுடன் முதலில் குறைந்தபட்சச் சுற்றுத் தொகை என்ன என்று பாருங்கள். ஒரு சென் மெஷின் என்று போட்டிருக்கும், ஐம்பது கோட்டையும் கட்டாயமாக்கிப் பெருக்கினால் 50 சென், சில இடத்தில் 88 சென், ஒன்றரை ரிங்கிட் வரும். பல மெஷின்களில் பொத்தான்கள் வரிசையாக இருக்கும், பக்கத்துப் பொத்தானில் கை பட்டால் தொகை ஐந்து மடங்காகிவிடும், ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்த்து அழுத்துங்கள். ஒரு சுற்று நின்று, பாக்கியைப் பார்த்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து அடுத்ததை அழுத்தினால் மணிக்கு 600 என்பது 300 ஆகும், செலவு பாதி. வேறு எந்த வித்தையும் உங்கள் செலவை இப்படிப் பாதியாக்காது. நல்ல தொகை விழுந்தால் உடனே ரசீது எடுத்துக் கவுன்ட்டரில் மாற்றி, நோட்டாகப் பையில் வைத்துவிடுங்கள், திரையில் எண்ணாக இருக்கும் பணம் பணமாகவே தெரியாது. குடித்துவிட்டு உட்காராதீர்கள், தூக்கம் வந்தால் எழுந்துவிடுங்கள். நாலு பேர் போகிறீர்களே, ஒருவரை ஒருவர் எழுப்பிவிடும் நேரத்தை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரமே நல்ல நேரம்.

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஏஜென்ட் மூலம் பணம் ஏற்றும் ஸ்லாட் ஆப்கள் வருகின்றனவே, இன்றைக்கு இந்த விளையாட்டு 96 சதவீதம் என்று தினமும் பட்டியல்கூடப் போடுகிறார்களே, அதை ஆடாதீர்கள். சிங்கப்பூரில் அது சட்டவிரோதம், இந்தியாவிலும் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. அதற்கும் மேலே, நான் மேலே சொன்ன சீல், சிப் சரிபார்ப்பு, ஆய்வுக்கூடச் சான்று எதுவும் அங்கே இல்லை. எண் எப்படி வருகிறது என்று கேட்க ஒரு ஆள் கிடையாது, ஜெயித்தால் கொடுப்பார்களா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இப்போது அந்த 1,800. உங்கள் திட்டத்தைக் கணக்காகவே பார்ப்போம். 500 கொண்டுபோய் 900 ஜெயிக்க வேண்டும், அதாவது 1,400 ஆக்க வேண்டும். கசினோவுக்கு ஒரு காசு லாபமில்லாத, முழுக்க நேர்மையான நாணயம் சுண்டும் ஆட்டமாக இருந்தாலே 500 காலியாவதற்கு முன் 1,400-ஐத் தொடும் வாய்ப்பு 1,400-இல் 500, கிட்டத்தட்ட 36 சதவீதம். மெஷினில் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டு இருப்பதால் அதைவிடக் குறையும், சின்னச் சின்னத் தொகையாக வைத்து ஆடினால் இன்னும் குறையும். எனவே எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தவர் தானாகவே சுற்றுத் தொகையை ஏற்றுவார். நான் தளத்தில் நின்று பார்த்தால் யார் பொழுதுபோக்க வந்தவர், யார் விட்டதை எடுக்க வந்தவர் என்று அந்த விரலிலேயே தெரியும். விட்டதை எடுக்க வந்தவர் போனஸ் படத்தைக்கூடப் பார்க்க மாட்டார், அழுத்திக்கொண்டே இருப்பார். அந்த 1,800 எந்த மெஷினுக்குள்ளும் உங்கள் பெயரில் இல்லை, டிஷ்யூ பாக்கெட் வைத்த ஆன்ட்டிக்கு இல்லாத மாதிரிதான். அதை எடுக்க ஆடாதீர்கள். எடுக்கும் எண்ணம் இல்லாமல் உங்களால் அந்தத் தளத்துக்குள் நடக்க முடியாது என்று தோன்றினால், இந்தத் தடவை நண்பர்கள் ஆடும்போது நீங்கள் மலையில் வேறு ஏதாவது செய்யுங்கள், குளிரும் மூடுபனியும் இலவசம்.

நான் மருத்துவன் இல்லை, நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு வரியை வைத்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி வீட்டில் மறைத்திருக்கிறீர்களா, ஊருக்கு அனுப்ப வேண்டியதிலிருந்து எடுத்ததா, கடன் வாங்கியதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சிங்கப்பூரில் பிரச்சினைச் சூதாட்டத் தேசிய மன்றத்தின் உதவி எண் இருக்கிறது, 1800-6-668-668. அங்கே உள்ள கசினோக்களுக்குள் உங்களையே தடை செய்துகொள்ளவும் அவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம், குடும்பத்தாரும் கேட்கலாம். அந்தத் தடை கெந்திங்கைக் கட்டுப்படுத்தாது, அங்கே தனியாகக் கேட்க வேண்டும். இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது: பார்கின்சன் நோய்க்கும் ராத்திரியில் கால் குடைச்சலுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை, சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பும் என்பது மருத்துவ உலகில் உறுதியான செய்தி. வீட்டில் பெரியவர் யாராவது திடீரென்று மெஷினே கதி என்று ஆகிவிட்டால் திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

போய் வந்த பிறகு அல்லது போகும் முன்பே, மெஷினில் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று கேட்டு இங்கே எழுதுங்கள். மணிக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். அந்த எண்ணைக் கூட வரும் நண்பரிடமும் காட்டுங்கள்.